என் காலடியில் ஒரு பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவளுக்கு ஸ்டீயரிங் கிடையாது, காலடியில் ஒரு பிரேக் மட்டும்தான். அம்பத்தூர்ப் பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும். போன வருஷம் எங்கள் தெருமுனையில், நடப்பவர்கள் தாண்டும் வெள்ளைக்கோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன என் வீட்டுக்காரரை ஒரு கார் தட்டிவிட்டுப் போனது. முறிந்த கால் கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. எதிர்ப்பக்க டீக்கடையில் கூட்டாளிகள் சிரிப்பதை இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அவர் சைக்கிள் பெல் சத்தத்துக்கு என் மனசு ஏங்குகிறது. அதனால் என்னிடம் முதல் பாடமே வெள்ளைக்கோட்டில் நிற்பதுதான்.

பூக்கூடை

என்னிடம் ஓட்டப் பழகும் ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி, பூக்கூடையோடு நின்ற ஒரு பூக்கார அம்மாவுக்காக அழகாக நிறுத்தினாள். அந்த அம்மா தாண்டவில்லை. பின்கதவைத் திறந்து, கூடையை வைத்து, உட்கார்ந்தே விட்டார். விஷயத்தைச் சொன்னதும் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாது, நான் தாண்டறதுக்கா? பூந்தமல்லி ஷேர் வண்டின்னுல்ல ஏறிகினேன்!"

பின்னால் வந்தவர்

இன்னொரு நாள் பள்ளிப் பிள்ளைகள் தாண்டட்டும் என்று நின்றோம். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. புதுக்காரிலிருந்து இறங்கி வந்தவர், வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லை, பிள்ளைகள் போகிறார்கள் என்றேன். மனுஷனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நடக்கறவனுக்கெல்லாம் நின்னுகினு இருந்தா, அப்பறம் இன்னாத்துக்கும்மா காரு வாங்கனோம்?"

பத்தரை மணி

போன வாரம் அதே ஐ.டி. பெண்ணோடு எங்கள் தெருமுனைக்கு வந்தேன். நான் கால் வைப்பதற்குள் அவளே பிரேக் போட்டுவிட்டாள். கோட்டருகே என் வீட்டுக்காரர், காற்றடித்த சைக்கிளோடு நின்றிருந்தார். நான் வரும் பத்தரை மணியைக் கணக்குப் பண்ணியிருக்கிறார்! இறங்கிப் போய் எதிரே வந்த வண்டிகளைக் கைநீட்டி நிறுத்தினேன். அவர் ஓடவில்லை. கூடத்தில் நடப்பதுபோல நிதானமாகத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் போய் ஏறி ஒருதரம் பெல் அடித்தார். ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று பார்த்தேன்.

"இந்தா, கிளாஸ் முடிச்சிகினு இந்த வழியாவே வா. நான் ஊட்டுக்குத் திரும்பணுமில்ல?"

ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்து என்ன, என் வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வர, இன்னும் எத்தனை பேருக்கு நான் நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமோ!