பத்தாவது தோசை

பக்கத்து வீட்டில் தோசை தீய்கிறது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. இரண்டு ஜன்னல்களையும் சாத்திவிட்டேன். அப்படியும் வாசனை வந்துவிடுகிறது.

எண்பதாம் வருஷம், ஐந்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறை. திண்டிவனத்திலிருந்து கண்டக்டரிடம் சொல்லி பஸ் ஏற்றி, விழுப்புரத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு என்னை மூன்று நாள் அனுப்பினார்கள். பார்க்கிற எதையும் எண்ணுகிற பழக்கம் எனக்கு. அக்காவின் மாமியாருக்கும் அதே பழக்கம் என்று தெரிந்ததும் அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மாவைக் கரண்டியால் அளந்துதான் கொடுப்பார். கரண்டிக்கு ஒரு தோசை. மாமாவுக்கு நான்கு, மாமியாருக்கு நான்கு, எனக்கு இரண்டு. அக்காவுக்குப் பழைய சோறு, மீந்திருந்தால்.

இரண்டாம் நாள் மாமியார் தட்டில் மூன்றுதான் விழுந்தது.

"பத்துக் கரண்டி ஊத்திக் குடுத்தேன். ஒண்ணு எங்கம்மா போச்சி?"

"கல்லுல ஒட்டிக்கினு தீஞ்சிபோச்சி அத்தை. தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் அக்கா.

எனக்கு விடை தெரியும். சும்மா இருக்க முடியவில்லை.

"போடல அத்தை, அக்காவே துன்னுடுச்சி! கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு, நாலே வாயில!"

அக்கா புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். அதில் கரி இருந்தது.

மாமியார் சிரித்தார். "பரவால்லியே, உன் தம்பி கணக்குல புலிதான்."

அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மாவு ஒன்பது கரண்டிதான் வந்தது; குறைந்தது என் தட்டில்.

பஸ் ஸ்டாண்டில் அக்கா என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "அம்மா கேட்டா, அக்கா நல்லா சாப்புடுதுன்னு சொல்லுடா. எண்ணிக்கினு இருக்காத."

அம்மா கேட்டாள். மூன்று நாளில் அக்கா சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தோசையும் ஒரு வேளைப் பழைய சோறும். சரியான கணக்கு என்னிடம் இருந்தது.

"நல்லா சாப்புடுதும்மா" என்றேன்.

அந்த வாரமே போய் அக்காவை அழைத்து வருவதாக இருந்த அப்பா, "அப்ப என்ன அவசரம்? மல்லாட்டை புடுங்கிட்டுப் போறேன்" என்றார்.

வயலில் நிலக்கடலை பிடுங்க நாற்பது நாள் இருந்தது. அக்கா வர நாற்பது நாள் என்று சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்தேன். நாற்பது நாளுக்கு எத்தனை வேளை என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.