மச்சான் திருப்பிய ஃபேன்

என் மனைவி விமானம் கட்டுகிறாள். பொம்மை இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக் அவள். ஒன்பது வருடமாக, வேலை முடிந்து வந்து, வீட்டுக் கார் ஷெட்டில் அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக இறுக்கிச் சேர்த்தவள். ஆனால் தெருவில் எவன் எதிர்ப்பட்டாலும் என்னைத்தான் கேட்கிறான், "சார், உங்க பிளேன் எப்ப பறக்கும்?" எனக்கு ஒரு ஸ்க்ரூவை ஒழுங்காக முடுக்கத் தெரியாது. "அவதான் கட்டுறா" என்றால் ஜோக் அடித்த மாதிரிச் சிரிக்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த லட்சணத்தில் அவளுடைய அண்ணன் வேறு. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பத்தாறு வயதுத் தங்கையை இன்னும் "பாப்பா" என்பார். இறக்கைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கட்டம் வந்ததும், "பட்டறைக்கு அனுப்பு பாப்பா, நம்ம ஆளுங்க அடிச்சிடுவாங்க" என்றார். "நான் கட்டினது, நானே அடிச்சிக்கிறேன்" என்றாள். அதற்கு இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் பெரிய மனுஷர்.

அவள் ஷெட்டுக்குள்ளேயே ஓர் அறை எழுப்பினாள். பிளாஸ்டிக் குழாய்களில் சட்டம், சுற்றிலும் பாலிதீன் ஷீட், பழைய சூட்கேஸ்களிலிருந்து பிரித்த ஜிப்பை வைத்துத் தைத்த கதவு. ஒரு மூலையில் ஃபேன், அதன் முன்னால் தூசியைத் தடுக்கும் வடிகட்டி. ஃபேன் சுத்தமான காற்றை உள்ளே தள்ளும். பெயிண்ட் புகை எதிர்மூலை வழியாக வெளியே போகும்.

"இதையே வெளிய இழுக்கிற மாதிரி வெச்சா, பெயிண்ட் ஆவி மோட்டார் மேலயே போகும். ஒரு பொறி போதும், நான் உள்ளேயே சாம்பல்தான்" என்று விளக்கினாள். என் மரமண்டைக்கே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தூசி கிளம்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. அறைக்கு வெளியே ஃபேன் பக்கத்தில் நிற்க வேண்டும், யாரையும் தொடவிடக் கூடாது.

இரண்டு பூச்சு முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் வந்தார்.

"என்ன மாப்ளே, ஃபேனைத் தப்பா வெச்சிருக்கா? புகையை வெளிய இல்ல இழுக்கணும்!"

"இல்ல மச்சான், அவ யோசிச்சுத்தான்..."

"இருபத்தஞ்சு வருஷமா எனக்கு இதே தொழில். பாப்பாவுக்கு என்ன தெரியும்? தள்ளுங்க."

தள்ளி நின்றேன். பெண்டாட்டியின் அண்ணன், வீடு தேடி வந்தவர், முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது என்று அசடு வழியச் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றேன். வெட்கங்கெட்டவன்.

அவர் ஃபேனை அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தார். அதுவரை வெளியே தொப்பை தள்ளியிருந்த ஷீட் சட்டென்று உள்வாங்கி, ஈர இறக்கைமேல் அப்பிக்கொண்டது. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவள் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். நாங்கள் ஷீட்டை உரிக்க உரிக்க, மூன்று பூச்சும் தோல் தோலாக அதோடு வந்தது. மச்சான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டுமே? மூச்! "ஷீட்டு மட்டம் பாப்பா. அதான் அப்பவே பட்டறைக்கு அனுப்புன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, போட்டுக் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்குக் கொதித்தது. "உன் அண்ணன் திடுதிப்புன்னு வந்து இப்படிப் பண்ணுவாருன்னு யாருக்குத் தெரியும்?" என்று கத்தினேன்.

அவள் இறக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும். வேற யாருக்காக உங்களை அங்க நிக்க வெச்சேன்?"