டொல்பினும் இரண்டு ஐம்பது ரயிலும்

போன திங்கட்கிழமை ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் சும்மா கிடைத்தது. அங்கே இருக்கும் என் அக்கா மகன் அன்ரனின் குழந்தைக்கு ஞாயிறு ஞானஸ்நானம். மறுநாள் அவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் லண்டன் ரயில் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு. மாற்ற முடியாத டிக்கெட்!

அங்கே எல்லாமே கருங்கல். வங்கி கருங்கல், தேவாலயம் கருங்கல், முடிவெட்டும் கடைகூடக் கருங்கல். ஒரே தெருவில் நாற்பத்தேழு புகைக்கூண்டுகள் எண்ணினேன். மழை விட்டு வெயில் பட்டதும் அத்தனை சுவரும் மினுங்கின... லண்டன் குட்மேய்ஸில் எங்கள் செங்கல் வீடு எந்த மழைக்கும் மினுங்கியதில்லை.

என் மனைவி றெஜினா நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான் — துறைமுக வாயிலுக்கு வரும் டொல்பின். இது எங்கள் மூன்றாவது பயணம். முதல் தடவை மூடுபனி. இரண்டாம் தடவை, ரயிலுக்குப் பிந்திவிடும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பஸ் எடுத்து, துறைமுகத்துக்கு எதிரே பழைய கோட்டைச் சுவர் நிற்கும் மேட்டுக்குப் போனோம். கையில் அன்ரனின் மனைவி கட்டித்தந்த, மீன் கறி அடைத்த ஆறு பணிஸ். கடற்பறவைகளுக்கு நடுவே மீன் பணிஸ் பார்சலைப் பிரிப்பவனை என்ன சொல்வது? கடிக்குமுன் ஒரு பணிஸ் பறவையின் அலகில் பறந்துபோனது.

"அதுக்கும் பசிதானே" என்றாள் றெஜினா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பன்னிரண்டரை... ஒரு மணி... டொல்பினைக் காணோம்.

"இஞ்சேர், ஒண்டு நாப்பது பஸ்ஸை விட்டா ரயிலைப் பிடிக்க ஏலாது."

"ஓம்."

"ஓம் எண்டா எழும்பன்."

"நீங்கள் போய் பஸ்ஸை மறியுங்கோ. நான் வாறன்."

பக்கத்தில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கிழவர், கடல் நீர் மட்டம் ஏறத் தொடங்கினால் வரும், இரண்டு மணியாகும் என்றார். றெஜினா என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். பஸ்ஸைப் போகவிட்டு, இரண்டேகாலுக்கு ஒரு டாக்சி சொல்லிவைத்தேன்.

நேரத்துக்குப் பயந்தவர்கள் ஊர் பார்ப்பது எப்படித் தெரியுமா? நிற்கும் இடத்தில் கால் மட்டும்தான் இருக்கும். மனம் அடுத்த இடத்துக்குப் போய், பிந்திவிட்டோமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டு பத்துக்கு மேட்டில் நின்ற எல்லாரும் "ஆ!" என்றார்கள். நான் நிமிர்ந்தபோது தண்ணீரில் வட்டங்கள் மட்டும் விரிந்துகொண்டிருந்தன. டாக்சி வரும்வரை வேறொன்றும் வரவில்லை. றெஜினாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ரயிலில் உட்கார்ந்ததும் கேட்டேன். "எத்தனை வந்தது?"

"ஆர் எண்ணினது? ஒண்டு முழுசா மேலை வந்து, என்னைப் பார்த்திட்டுப் போச்சுது."

"என்னைப் பார்க்கேல்லையோ?"

"நீங்கள் மணிக்கூட்டையெல்லோ பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்!"

ரயில் புறப்பட இன்னும் ஒன்பது நிமிடங்கள் இருந்தன.