நூற்றொன்றாம் டோக்கன்

அந்தக் கண் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. பதினெட்டு வருஷமாகக் கூடத்து மூலையில் மைக்கோடு உட்கார்ந்து வரிசை எண்களை அழைப்பது அவள் வேலை. சுவரில் ஒளிரும் எண்பலகை கண் மங்கியவர்களுக்கு எட்டாது. அவள் குரல்தான் எட்டும்.

ஒரு காலை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையில் சின்னக் கட்டி, மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று கணவர் முதல் நாள் கிண்டலடித்தார். மூன்றாம் நாள் பேச்சுத் துணையில்லாமல் ரேடியோவோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்.

பார்க்க வந்த தலைமை நர்ஸ் ஒரு சேதி கொண்டு வந்தாள். அக்காவின் இடத்தில் கணினிக் குரல் ஒன்றை வைத்திருக்கிறார்களாம். அது நாற்பத்தேழை 'நாலு, ஏழு' என்று படிக்க, நாலாம் டோக்கன்காரரும் ஏழாம் டோக்கன்காரரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவருகே முட்டிக்கொண்டார்களாம். அக்காவுக்கு வயிறு எரிந்தது. மாடியில் குடியிருந்த நாத்தனாரிடம் நோட்டோடு ஓடினாள். வலைத்தளம் கட்டுவது அவள் தொழில். 'அந்தக் குரலுக்கு எண்ணுக்குப் பதில் வார்த்தையைக் கொடுத்தால் ஒழுங்காகப் படிக்குமா?' என்று அக்கா எழுதிக் காட்டினாள்.

"படிக்கும் அண்ணி. எண்ணை வார்த்தையா மாத்துற சின்ன ஆப் ஒண்ணு போதும். ஜாவாஸ்கிரிப்ட்ல நீங்களே எழுதுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

எண்ணைப் பத்தால் வகுத்து, ஈவுக்கு ஒரு பட்டியல், மீதிக்கு ஒரு பட்டியல் என்பது நாலே நாளில் பிடிபட்டது. ஆனால் திரையில் 'இருபது ஒன்று' என்று வந்ததும் எலுமிச்சையைக் கடித்தவள் போல முகம் சுளித்தாள். இப்படி யார் கூப்பிடுவார்கள்? உதடசைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் நான்கும்தான் தள்ளி நிற்கின்றன, மற்றவையெல்லாம் பத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. பதினெட்டு வருஷம் நாக்குக்குத் தெரிந்திருந்தது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

'இருபத்த', 'முப்பத்த' என்று பத்துகளின் வாலை நறுக்கினாள். ஒன்றின் தலையில் இருந்த 'ஒ'வைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒற்றைக் கொம்பையும் காலையும் வைத்தாள். மூன்றும் நான்கும் தவிர மற்றவற்றுக்கும் அப்படியே; அவை இரண்டின் முன்னால் மட்டும் ஓர் உகரக் குறியும் இடைவெளியும். ஒன்று முதல் பத்தொன்பது வரையும், இருபது, முப்பது போன்ற முழுப் பத்துகளும் இந்த விதிக்கு அடங்காததால் அவற்றுக்குத் தனிப் பட்டியல். ஓடவிட்டால் இருபத்தொன்று முப்பத்திரண்டாக வந்தது. கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று நாத்தனார் சிரித்தாள். பட்டியல்களின் தலையில் ஒரு வெற்றிடம் வைத்ததும் 'இருபத்தொன்று' பிசகில்லாமல் வந்து நின்றது. கத்த முடியாத அக்கா சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தட்டினாள். தீப்பிடித்ததோ என்று கணவர் கரண்டியோடு படியேறி ஓடி வந்தார்.

மூன்றாம் வாரம் தலைமை நர்ஸ் ஒருநாள் சோதனைக்குச் சம்மதித்தாள். குரல் 'நாற்பத்தேழு' என்றது. ஒரே ஒருவர் எழுந்தார். மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அன்று பார்த்துக் கூட்டம் அலைமோதியது. நூறோடு போதும் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். நூற்றொன்று வந்ததும் குரல் என்னவோ உளறியது. கூடம் முழுக்க மூலையைத் திரும்பிப் பார்த்தது. அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நூற்றொன்றைப் பத்தால் வகுத்தால் ஈவு பத்து, மீதி ஒன்று. தொண்ணூறுக்கு அடுத்த இடத்தில் 'நூற்ற' என்று ஒரே சொல்லைச் சேர்த்துப் பொத்தானைத் தட்டினாள்.

"நூற்றொன்று" என்றது குரல்.

கடைசி வரிசையில் ஒரு பெண், "இதோ வரேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றைய கடைசி டோக்கன் நூற்றேழு. நூற்றுப் பத்தையும் அதற்கு மேலானவற்றையும் அந்த வாரக் கடைசிக்குள் முடித்துவிட்டாள். இனிப் பேசலாம் என்று டாக்டர் சொன்ன நிமிஷமே, வாசலுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள். குரல் கரகரத்தது.

"மருந்துக் கிடங்குல ஆறு இலக்க எண்ணாம், நம்ம ஆப்பைக் கேக்கறாங்க. பத்து லட்சம் வரைக்கும் போயிடலாமா?"