கவிஞரின் ஊதா அங்கி

அந்தக் கவிஞரை முதலில் கண்டவள் நான். எங்கள் நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய சாமான் கடை. உடைந்த மேசை விளக்குகளுக்குப் பின்னால், சட்டம் இல்லாமல் சாய்ந்து கிடந்தார். ஜப்பானிய மரஅச்சுப் படம். ஊதா அங்கி, கையில் தூரிகை, தலைக்கு மேல் அவருடைய கவிதை. இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்தும் கொடிபோல் பின்னிய அந்த எழுத்தில் ஒரு வரிகூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் வாய் ஓயவில்லை. கூட வந்தவள் பள்ளிக்கூட நாள் முதலான தோழி. அவளுக்குத் தாளைத் திருப்பிக் காட்டினேன். பார், செதுக்கிய மரப்பலகையில் தாளை வைத்துக் கையால் தேய்த்திருக்கிறார்கள், சாயம் பின்பக்கம்வரை ஊறியிருக்கிறது, இயந்திர அச்சில் இப்படி வராது என்றேன்.

அவ்வளவும் சொல்லிவிட்டு, எந்தக் காலத்துப் படம் என்று போனில் தேடிக்கொண்டே கடை மூலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது படம் அவள் பைக்குள் இருந்தது.

"நீ சொன்னதைக் கேட்டுத்தான் வாங்கினன்," என்றாள். நன்றி சொல்லும் குரல். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் அவர்கள் வீடு, பதினோராம் மாடி. அவளுடைய அம்மா படத்துக்குச் சட்டம் போட்டு, பல்கனிக் கதவுக்கு நேரெதிரே, வீட்டிலேயே வெளிச்சமான சுவரில் மாட்டினார். எங்கள் ஆட்கள் மதிப்பான படத்தை அப்படித்தான் மாட்டுவார்கள்; வருகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டும்.

"உந்த மனுசன் ஏன் பிள்ளை இப்பிடி மெலிஞ்சுபோய் இருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டார்.

"காதல், அன்ரி," என்றேன். சிரித்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேரே கவிஞரின் மடியில் விழும். அந்தக் காலத்துச் செடிச்சாயம் வெயில் தாங்காது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சனிக்கிழமைதோறும் ஏதாவது சாட்டுச் சொல்லிப் போனேன். முதல் நாள் கவிஞரை எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. குளியலறைக்குள் போய் அதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்ப்பேன். கோடை முடியும்போது ஊதா சாம்பலாகத் தொடங்கியிருந்தது. கவிஞருக்காக வருத்தம், கூடவே ஒரு திருப்தி. எனக்குக் கிடைக்காதது அவளிடமும் முழுதாக இல்லை.

ஒருநாள் மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தோழி படத்தைக் காட்டித் தானே கேட்டாள். "உதின்ர நிறம் மங்கின மாதிரிக் கிடக்கெல்லே? உனக்குத்தானே உதுகள் தெரியும்."

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கவிஞருடைய அங்கியின் கைவிளிம்பு ஏற்கெனவே தாளின் நிறத்தோடு கலந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"ஓம். வெயில்தான். கழட்டு."

"உனக்கு எப்ப தெரியும்?"

"மாட்டின நாளே."

அவள் அம்மா எழும்பி, கோப்பைகளைக் கழுவக் குசினிக்குள் போய்விட்டார். தோழி கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள், துணியில் சுற்றினாள், தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"பாக்கவேணும் எண்டால் என்னட்டைக் கேள்," என்றாள். "எடுத்துக் காட்டுறன்."

பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவாள், அவள் அப்படிப்பட்டவள். அதிலும் எனக்குப் பொறாமைதான்.