ஸ்பிரிங்குகளைத் தூங்க வைக்கிறவர்

ஆலயத்துக்குள் முதல் பாட்டு தொடங்கிவிட்டது. ஜாபஸ் இன்னும் வெளியேதான் இருக்கிறார். வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கும் பைக்குகளை ஒவ்வொன்றாக நியூட்ரலுக்குத் தள்ளி, குனிந்து, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்குகிறார். பாதி இறங்கியதும் கிக்கர் இறுகும். இன்னும் ஒரு விரல்கடை அமுக்கிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்கிறார். ஊருக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், தம் வண்டியில் யாரோ கை வைப்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்தார்.

“யாருங்க நீங்க? என் வண்டியில எதுக்குக் கை வைக்கிறீங்க?”

“பதறாதீக சார். ஸ்பிரிங்கைத் தூங்க வைக்கேன்,” என்றார் ஜாபஸ், தலையை நிமிர்த்தாமலே.

வாத்தியாருக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். எஞ்சினின் தலையில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெட்ரோலும் காற்றும் உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. திறந்த வால்வைச் சட்டென்று மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றுபோனால், அதன் ஸ்பிரிங் அமுங்கியபடியே கிடக்கும். கிக்கர் இறுகுகிற இடத்தைத் தாண்டி நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடிக்கொள்ளும், ஸ்பிரிங்குகள் கொஞ்சம் ஆசுவாசப்படும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற ரேஸ் வண்டிக்குச் செய்கிற காரியம் இது. மார்க்கெட்டுக்குப் போய்வருகிற வண்டிக்கு இதனால் ஒரு பைசா பிரயோசனம் கிடையாது. அது ஜாபஸுக்கும் தெரியும். “ஆறு நாளும் அமுங்கி அமுங்கி எந்திரிக்குதுல்ல, ஓய்வு நாளு மனுசனுக்கு மட்டுந்தானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். டூ ஸ்ட்ரோக் வண்டி ஏதாவது வரிசையில் நின்றால் அதைத் தொடக்கூட மாட்டார். “அதுக்கு வால்வே கெடையாது. கொடுத்து வச்ச பய.”

திருத்தங்கலில் அவருடைய பட்டறை எங்கள் அச்சகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் அங்கே காலண்டருக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். ராகு காலத்தையும் எமகண்டத்தையும் திருத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினால் ஜாபஸ்தான் தெரிவார். போன வருஷக் காலண்டரில் ஒரு அமாவாசை இடம் மாறிப் போனதற்கு அவரும் ஒரு காரணம். பஞ்சர், பிரேக், சங்கிலி என்று வருகிறவர்களை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுவார். வேகத்துக்காகப் பிரித்துக் கோர்க்கிற எஞ்சின்கள் மட்டும்தான் அவருக்கு வேண்டும். ராஜபாளையம், கோவில்பட்டியிலிருந்தெல்லாம் பையன்கள் எஞ்சினின் தலையைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார்கள்.

வந்தவுடன் எல்லோரும் சொல்கிற வசனம் ஒன்றுதான். “இருக்கதுலயே டைட்டான ஸ்பிரிங்கா போடுங்கண்ணே.”

“ஏலே, வீட்டுக் கதவை மூட யானையைக் கூட்டிட்டு வருவியா?” என்பார் ஜாபஸ். “கதவும் மூடும், நிலையும் பேந்துக்கிட்டு வரும். வால்வைத் தள்ளித் தொறக்குற கேம்மு தேஞ்சு போகும்லே. லூசா போட்டா வால்வு மூட நேரமாகி பிஸ்டன்ல போய் முட்டும். எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தான்.”

அந்த ‘அம்புட்டை’ அவர் கண்டுபிடிக்கிற விதம் பார்க்கத் தகுந்தது. அவர் மனைவி பியூலா, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டில் கர்ப்பிணிகள் ஏறி நிற்கிற எடை மெஷின் ஒன்றைப் பழசு என்று கழித்துப் போட்டபோது ஜாபஸ் அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். டிரில்லிங் மெஷினுக்கு அடியில் அதை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, மெஷினின் கைப்பிடியால் குறிப்பிட்ட உயரத்துக்கு அமுக்கி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். முள் சரியாக நின்றால் “தாயும் சேயும் சுகம்” என்று அறிவிப்பார். அதற்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, சாய்கிறதா என்று மூலைமட்டத்தோடு பார்த்தாக வேண்டும். கடைசியாக ஒரு பஞ்சுத் துணுக்கால் கம்பி முழுவதையும் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் பஞ்சு அங்கே மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய வித்தகருடைய சொந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த ரேஸ் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று தாங்குமாம். வண்டியோ நாற்பதைத் தாண்டியதில்லை. பின்னால் பியூலா குடையோடு உட்கார்ந்திருக்க, மாட்டு வண்டிகூட ஒதுங்கி முந்திப் போகும். “பறக்குறதுக்கு எல்லாம் வாங்கிப் போட்டிருக்காக. பறக்கத்தான் நேரம் வரலை,” என்பார் பியூலா. அந்த வண்டியின் ஸ்பேனர் வேலையை ஜாபஸ் வேறு யாருக்கும் விட்டதில்லை. ஐந்து வருஷமாக அந்த ஸ்பிரிங்குகள்தான் அவருக்குப் பிள்ளைகள் என்று சொன்னால், பிள்ளையில்லாத அந்த வீட்டில் அது பெரிய மிகை இல்லை.

போன மே மாதம் முனியராஜ் வந்து சேர்ந்தான். ஆமத்தூர்ப் பையன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற ரூமில் வேலை. அந்த ரூமை ஏன் தனியாக, மற்ற கட்டடங்களுக்கு எட்டக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனைக்குட்டம் அணைக்கு அப்பால் தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்த நிலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்தரை பைக் ரேஸ் ஏற்பாடாகியிருந்தது. கோயம்புத்தூர் ரேஸ் டீம் ஒன்றின் மேனேஜர் ரத்தினசாமி என்பவர் வருகிறார், முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு அந்த டீமின் ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை என்று பேச்சு. முனியராஜுக்கு ஓட்டத் தெரியும். எஞ்சின் மட்டும் தாங்க வேண்டும்.

அவனுடைய அம்மா வள்ளித்தாயும் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

“தம்பி, ரேஸு கீஸு எனக்கு ஒண்ணும் தெரியாது. எம்மவன் அந்த ரூமை விட்டு வெளிய வந்தாப் போதும். நீங்க பாத்துச் செய்யுங்க.”

ஜாபஸ் அன்றைக்கு மட்டும் யானைக் கதை சொல்லவில்லை.

முனியராஜ் தானே கோயம்புத்தூருக்கு எழுதி, ஜாபஸ் வண்டியில் இருக்கிற அதே ரக ஸ்பிரிங்குகளைப் பார்சலில் வரவழைத்திருந்தான். பெரியது இரண்டு, அவற்றுக்குள் நுழைகிற சிறியது இரண்டு. ரேஸுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கொண்டுவந்து மேஜையில் வைத்தான். எடை மெஷினில் முள் சரியாக நின்றது. தாயும் சேயும் சுகம். கண்ணாடியிலும் சாயவில்லை. பஞ்சை எடுத்துத் தடவினார். முதல் ஸ்பிரிங்கிலேயே பஞ்சு மாட்டியது. இரண்டாவதிலும், அதே இடத்தில். நான்கிலும்.

“ஏலே, இது என்னலே?”

“அடையாளம்ணே,” என்றான் முனியராஜ், கொஞ்சம் பெருமையாகவே. “உங்க மேசையில அம்புட்டு ஸ்பிரிங்கு கெடக்கு. மாறிப்போயிறக் கூடாதுல்ல. அரம் வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். கம்பெனியில செருப்புக்கு வெட்டுவோம்ல, அதே மாதிரி.”

பட்டாசுக் கம்பெனியில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் குவியலாகக் கிடக்கும் ஒரே மாதிரி ரப்பர் செருப்புகளில் தன்னுடையதைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு வெட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். செருப்புக்கு அது நல்ல யோசனைதான்.

ஜாபஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து நான் ரோட்டைத் தாண்டிப் போனபோது முனியராஜ் ஒரு ஸ்பிரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சின்ன வெட்டுதானண்ணே. நாளைக்கு ஒரு நாளு ஓட்டிறலாம்ணே.”

“அங்கனதான் ஒடியும். ஒடிஞ்சா வால்வு உள்ள விளும். எஞ்சின் பிடிச்சுக்கிட்டு சக்கரம் பூட்டிரும். நீ எங்க போய் விளுந்து கெடக்கன்னு உங்கம்மாட்ட நான் போய்ச் சொல்லணுமா?”

கோயம்புத்தூரிலிருந்து வேறு வரவழைக்க நேரமில்லை. வண்டியோடு வந்த கம்பெனி ஸ்பிரிங்கைப் போட்டால் ரேஸில் ஓடுகிற சுற்றுக்குத் தாங்காது. பிறகு ஜாபஸ் எழுந்து, வாசலில் நின்ற தம் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். பெட்ரோல் டேங்கைக் கழற்ற ஆரம்பித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

தம் எஞ்சினிலிருந்து எடுத்த நான்கு ஸ்பிரிங்குகளையும் அவர் எடை மெஷினில் வைத்துப் பார்த்தபோது முள், அவற்றை வாங்கிய அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றது. வேறு நாளாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தின் மகிமையைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். அன்று பஞ்சால் மட்டும் இரண்டு தடவை தடவினார். நெருக்கமாகச் சுற்றிய பக்கம் கீழே வரும்படி ஒவ்வொன்றாக முனியராஜின் எஞ்சினில் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் எஞ்சினை ஓடவிட்டு, சூடேற்றி, ஆறவைத்துக் கொடுத்தார்.

“அஞ்சு வருசம் நாப்பதுலயே ஓடுன ஸ்பிரிங்கு,” என்றார் என்னிடம் தனியாக. “பத்தாயிரத்துல எப்படி நிக்கும்னு கர்த்தருக்குத்தான் தெரியும்.”

அன்று பியூலா நைட் டூட்டிக்குப் பஸ்ஸில் போனார். வண்டி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை என்பதையும் நான் பதிவு செய்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜாபஸ் ரேஸுக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆராதனையைத் தவறவிட்ட மனிதரில்லை. ஆனால் நான் ஆனைக்குட்டத்தில் இறங்கியபோது அவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், அக்குளில் வேதப்புத்தகம். பிரசங்கம் தொடங்கும்போது எழுந்து வந்துவிட்டாராம். “சபை ஐயர் என்னையத்தான் பாத்தாரு,” என்றார் குற்றவாளியைப் போல. ஒரு வேலிக்கருவைக்குக் கீழே வள்ளித்தாய் ரேஸுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின்கள் ஸ்டார்ட் ஆனதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

ரேஸை ஜாபஸ் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார். புழுதிக்குள் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் அலறுகிற அந்த இரைச்சலில் தம்முடைய எஞ்சினை மட்டும் எப்படிப் பிரித்தார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை நேர்ப்பாதையில் வண்டிகள் உச்சத்துக்கு ஏறும்போதும் என் முன்கையை இறுக்கிப் பிடித்தார். திரும்பும் இடத்தில் சத்தம் இறங்கும்போது விட்டார். முனியராஜ் நாலாவதாகப் போனான், மூன்றாவதாக வந்தான். கடைசிச் சுற்றில் நேர்ப்பாதையில் ஒருவனை எட்டிப் பிடித்தான். எனக்குக் கை மரத்துப் போனது. எஞ்சினின் குரல் எங்கேயும் பிசிறவில்லை.

கொடி விழுந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஜாபஸ் கண்ணைத் திறந்தார்.

“எத்தனாவதுலே வந்தான்?” என்னை அவர் ‘லே’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“ரெண்டாவது.”

ரத்தினசாமி முனியராஜின் தோளில் கைபோட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். ஜாபஸ் அந்தப் பக்கம் போகவில்லை. வேதப்புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு வேலிக்கருவைப் பக்கம் நடந்தார். எல்லா எஞ்சினும் அணைந்து ரொம்ப நேரமாகியும் வள்ளித்தாய் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். ஜாபஸ் அந்த வெள்ளைப் பேன்ட்டோடு புழுதியில் அவருக்கு எதிரே முழங்கால் போட்டு, காதைப் பொத்தியிருந்த இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாக விலக்கினார்.