மூன்று குடும்பங்கள் இருந்த வீட்டை விற்றது

அப்பா இறந்து ஒரு வருடத் திவசம் முடிந்த கிழமையே லண்டனிலிருந்து அண்ணா போன் எடுத்தார். வீட்டை விற்றுவிடுவோம் என்றார். நான் மறுக்கவில்லை. மன்னார் பட்டினத்தில் கடலுக்கு இரண்டு தெரு இப்பால் இருக்கும் வீடு அது. பெரிய வீடாகத்தான் கட்டினார்கள். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அப்பா குறுக்கே சுவர் எழுப்பி மூன்றாக்கினார். நடுப் பகுதியில் நாங்கள் இருந்தோம், அப்பா போனபிறகு நான் மட்டும். பின்பக்கம் தலைமன்னாரைச் சேர்ந்த ஓட்டோக்காரரும் மனைவியும். முன்பக்கம் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவரும் அவர் மனைவியும் இருபது வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். அந்த அம்மாவை அன்ரி என்று கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டாள்.

கிணறு மூன்று வீட்டுக்கும் ஒன்றுதான். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய போக்குவரத்து இல்லை.

விற்கப் போகிற செய்தியை நானே இரண்டு இடமும் போய்ச் சொன்னேன். ஓட்டோக்காரர், "அதுக்கென்ன அக்கா, நாங்கள் மாமி வீட்டை போறம்" என்றார். அன்ரி, "பாக்கிற ஆக்கள் எப்ப வருவினம்?" என்று மட்டும் கேட்டார். பகலில் நான் வேலைக்குக் கந்தோர் போய்விடுவேன் என்பதால் கதவுத் திறப்பை அவரிடமே கொடுத்து, வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டச் சொன்னேன்.

முதலில் வந்தவர் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போனாராம். பிறகு பேச்சில்லை. இரண்டாவது குடும்பமும் அப்படித்தான். வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதி கட்ட இடம் தேடிய மூன்றாமவரும் பின்வாங்கியபோது, விற்பனைக்கு நான் பிடித்திருந்த தரகர் கந்தோர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, முன்னுக்கு இருக்கிற அம்மா வாறவையிட்ட எல்லாத்தையும் சொல்லுறா. கிணத்துத் தண்ணி ஆடி ஆவணியில உவர்க்குமாம், கூரை ஒழுகுமாம், கொங்கிறீற்றுக்க கம்பியெல்லாம் கறள் பிடிச்சுக் கிடக்காம். இப்பிடியெண்டா நான் எப்பிடி விக்கிறது?"

அன்று பின்னேரம் உடுப்புக்கூட மாற்றாமல் முன்பக்கம் போனேன். அன்ரி சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் கதிரையில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வீட்டை விட்டு எழும்ப விருப்பமில்லையெண்டால் என்னட்டச் சொல்லியிருக்கலாம், அன்ரி" என்றேன். "வாறவையிட்டக் குறை சொல்லி என்னத்துக்குக் குழப்புறீங்கள்?"

அவர் கை நிற்கவில்லை. "நான் சொன்னதில எது பொய், பிள்ளை?"

"பொய்யெண்டு நான் சொல்லேல்ல."

"நாங்கள் வரேக்க உங்கட அப்பா எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்ல. வந்த முதல் மாரியில கட்டிலுக்கு மேல ஒழுகிச்சுது. மகளுக்கு முட்டு, மூச்சு விடேலாமப் போச்சு. ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தனான். திரும்பி வந்து அப்பாட்டக் கேட்டன். வாற வருசம் ஓடு மாத்துறன் எண்டார். மாத்தினவர்தான். உங்கட பக்கத்துக்கு."

சாரதி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "விடப்பா" என்றார் மனைவியிடம்.

ஓடு மாற்றிய கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். நடுக்கூரை மட்டும் புதுச் சிவப்பாகவும் மற்றவை கறுத்தும் இருப்பதைத் தெருவில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காசு போதாமல் அப்பா நிறுத்திவிட்டார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப ஏன் வேற இடம் போகேல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"போக இடம் இருந்திருந்தாப் போயிருப்பம்" என்றார் அன்ரி.

நான் திரும்பி வந்துவிட்டேன். கோபம் அடங்க இரண்டு மூன்று நாள் பிடித்தது. அது யார்மேல் இருந்த கோபம் என்று எனக்கே தெளிவில்லை.

நான்காவதாக வந்தவர்கள் கீரி என்ற ஊரைச் சேர்ந்த கணவனும் மனைவியும். அவர் வள்ள எஞ்சின் திருத்துகிறவர், அவள் தாதி. சனிக்கிழமை என்பதால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒழுகும் இடங்களைக் காட்டினேன். கம்பி வெளியே தெரிந்த மூலையைக் காட்டினேன். எந்த மாதத்தில் தண்ணீர் உவர்க்கும் என்றும் சொன்னேன். தரகர் வெளியே போய் நின்றுகொண்டார். அன்ரி தன் வாசற்கதவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். நான் முடித்ததும், "ஆனா பிள்ளை, இந்தப் பக்கம் கடல் காத்து நல்லா வரும். பின்னேரத்தில ஃபேன் போடத் தேவையில்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

தாதி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீங்கள் எங்க போகப்போறீங்கள்?"

"தெரியாது" என்றார் அன்ரி.

பத்து நாளில் அவர்களுக்கே விற்கப் பேச்சு முடிந்தது. அண்ணா எதிர்பார்த்த விலை வரவில்லை. தங்களுக்கு இரண்டு பகுதி போதும், முன்பக்கத்தில் இருப்பவர்கள் இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். நடந்ததை அண்ணாவிடம் சொன்னேன். "உனக்கு விசரே? ஆராவது விக்கிற சாமானுக்குத் தாங்களே குறை சொல்லுவினமோ?" என்று கத்தினார். அப்பாவைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். "பழசைக் கிண்டாதை" என்று போனை வைத்துவிட்டார். அதன்பிறகு சில மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

தோட்டவெளி என்ற ஊரில் எனக்கு ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. சாமான் ஏற்றும் நாள் ஓட்டோக்காரர் வந்து உதவினார். அலுமாரியை இறக்கும்போது அன்ரியும் ஒரு பக்கம் பிடித்தார். அப்பாவுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. "அன்ரி, அந்த ஓட்டு விஷயம்..." என்று தொடங்கினேன்.

"நண்டுக் கறி வச்சிருக்கிறன்" என்றார் அவர். "சாப்பிட்டிட்டுப் போங்கோ, லொறி நிக்கட்டும்."

இருபது வருடத்தில் அந்தப் பக்கத்தில் நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. சாரதி எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு வாங்குப் பலகையில் போய் இருந்தார். மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது என்று அன்ரி சொன்னார். கறி உறைப்பாக இருந்தது. இரண்டாம் தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.